கல்லறைக் கல்லுக்கு ப்ளீச் ஊத்தலாமா?

கல்தச்சன்: டி.ஏ.ஆர் (அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களோட வம்சாவளிப் பெண்கள் சங்கம்) கிளைகள் அந்த வீரர்களோட பழைய கல்லறைகளைச் சுத்தம் பண்றாங்க. அதுக்கு "ஒரு பங்கு ப்ளீச், பத்துப் பங்கு தண்ணி போதும்"னு வெண்புறா இங்கே யோசனை சொல்லியிருக்கார். தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. ப்ளீச்ல இருக்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் பளிங்குக்குள்ள இறங்கி உப்பாத் தங்கும். காயும்போது படிகமாகித் துளைகளை நெட்டும். அப்புறம் விரல் பட்டாலே சர்க்கரை மாதிரி உதிரும். பேரும் வருஷமும் போச்சு.

வெண்புறா: பத்துக்கு ஒண்ணுன்னு தெளிவாத்தானே போட்டேன்? நல்லா அலசினா உப்பு எங்கேருந்து வரும்? பாசி படிஞ்சு கிடந்தா அதுதான் மரியாதையோ?

கல்தச்சன்: துளைக்குள்ள போனது அலசினா வராது. முதல்ல கல்லறை நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். விரலால தட்டிப் பாருங்க. உள்ளே காலியா இருக்கிற மாதிரி சத்தம் கேட்டா அந்தக் கல்லைத் தொடாதீங்க. ஸ்லேட்டும் மணற்கல்லும் ஏடேடா உரியும். கெட்டியா இருந்தா வெறும் தண்ணியில நனைச்சு, டி/2 (பாசியைக் கொல்ற, கல்லுக்குன்னே இருக்கிற சுத்திகரிப்புத் திரவம்) தெளிச்சு, 10-15 நிமிஷம் விட்டு, மெதுவான நைலான் பிரஷால கீழேயிருந்து மேலே தேய்ங்க. மேலேயிருந்து தொடங்கினா அழுக்குத் தண்ணி காஞ்ச கல்லுல வழிஞ்சு கோடு விழும். கம்பி பிரஷும் பிரஷர் வாஷரும் கூடவே கூடாது. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குற நாள்ல வேலையே வேண்டாம், உள்ளே போன தண்ணி உறைஞ்சு கல்லைப் பிளக்கும்.

வெண்புறா: டி/2 போட்டா அன்னைக்கே வெளுக்காது. வந்த தன்னார்வலர்களுக்கு எதைக் காட்டுறது?

கல்தச்சன்: வாரக்கணக்குல தானா வெளுக்கும். நீங்க படம் எடுக்கிறதுக்காக கல்லு சாகணுமா?

ஏணிப்படி: எப்பப் பார்த்தாலும் டி.ஏ.ஆர்தானா? அதே வீரர்களோட வம்சாவளி ஆண்கள் சங்கமான எஸ்.ஏ.ஆர் 1889-லேயே வந்தாச்சு. மூத்தவங்க யாருன்னு தெரிஞ்சு பேசுங்க.

நூல்கண்டு: 1890-ல பெண்களைச் சேர்க்க மாட்டோம்னு எஸ்.ஏ.ஆர் முடிவு பண்ணினதாலதான் டி.ஏ.ஆரே பிறந்தது. ஒரு வருஷ மூப்புக்கு இவ்வளவு பெருமையா?

ஏணிப்படி: வருஷம் வருஷம்தான். போன தடவையும் இப்படித்தான் பேச்சை மாத்தினீங்க.

கல்தச்சன்: மூப்புச் சண்டையை வேற எங்கேயாவது வச்சுக்கோங்க. உடைஞ்ச கல்லை போர்ட்லாண்ட் சிமெண்டால ஒட்டுறவங்களும் கேட்டுக்கோங்க: அது பழைய கல்லைவிடக் கடினம், பக்கத்துக் கல்லுதான் வெடிக்கும். சுண்ணாம்புச் சாந்து போடுங்க. ப்ளீச் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெண்புறா: பத்துக்கு ஒண்ணு. மறுபடியும் சொல்றேன், பத்துக்கு ஒண்ணு.

கல்தச்சன்: நூத்துக்கு ஒண்ணானாலும் உப்பு உப்புதான்.