தோட்டச் சம்பளம் பற்றிய ஒப்படை: “விளக்கம் இருக்கிறது, வாதம் இல்லை” என்று திட்டம் திரும்பி வந்துவிட்டது. எப்படித் திருத்துவது?

கொட்டகலைப் பிள்ளை:
அண்ணாமார், அக்காமார், வணக்கம். 2000 சொல்லில் ஆய்வு அடிப்படையிலான விவாதக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு “மலையகத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினை”. கோப்பிக் காலம், 1948 குடியுரிமைச் சட்டம், கூட்டு ஒப்பந்தம், 1000 ரூபா போராட்டம், இன்றைய நிலை என்று திட்டம் போட்டுக் கொடுத்தேன். விரிவுரையாளர் மேலே உள்ளதை எழுதித் திருப்பிவிட்டார். சம்பளம் 1000, 1350, 1700 என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதைப் போடுவது?

ஒப்படைத்துணை:
தங்கச்சி, உங்கள் திட்டம் காலவரிசையில் போகிறது. அதில் எவரும் மறுக்கக்கூடிய ஒரு வசனம்கூட இல்லை. “சம்பளம் போதாது” என்பதை யார் மறுப்பார்? அதனால்தான் வாதம் பிறக்கவில்லை. யார், எதை, எந்த வழியில் மாற்ற வேண்டும், ஏன் என்று ஒரே வசனத்தில் சொல்லிப் பாருங்கள். உதாரணத்துக்கு: “நாட்சம்பளத்தைக் கூட்டுவது மட்டும் போதாது, கொழுந்து நிறை இலக்கு மலையின் விளைச்சலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாற வேண்டும் என்ற விதி சம்பளச் சபையின் (குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சபை) தீர்மானத்திலேயே இருக்க வேண்டும், ஏனெனில் இலக்கு எட்டாத நாளில் விழும் ‘அரைப் பேர்’ (அரைநாள் சம்பளம்), கூட்டிய காசைத் தின்றுவிடுகிறது.” கம்பனி தரப்பு இதை எதிர்க்கும், சில தொழிற்சங்கங்களும் எதிர்க்கலாம். எதிர்க்க ஆள் இருந்தால்தான் வாதம்.

சொல் பங்கீடு இப்படி இருக்கட்டும்: அறிமுகம் 200, பின்னணி 300, வாதம் 900, எதிர்வாதமும் பதிலும் 350, முடிவு 250. கோப்பிக் காலத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். குடியுரிமைச் சட்டமும் இந்த வாதத்துக்குத் தேவையில்லை. பெரிய வரலாறுதான், ஆனால் அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

எண்கணக்கு:
சம்பளத் தொகைக்கு வருகிறேன். மூன்று எண்ணும் சரிதான், ஆனால் மூன்றும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை. 2021 இல் வந்த 1000 என்பது 900 அடிப்படையும் 100 வரவுசெலவுப் படியும் சேர்ந்தது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ஆனது. 1700 என்று பேசப்பட்டது அதனோடு 350 ரூபா ஊக்குவிப்பைக் கூட்டித்தான். 1000 ஐயும் 1700 ஐயும் பக்கத்தில் வைத்து “70 சதவீத உயர்வு” என்று எழுதினால் அந்த இடத்திலேயே கட்டுரை விழுந்துவிடும். செய்தித்தாளை நம்பாமல் வர்த்தமானியையே எடுத்து, இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஆனால் அது கொழும்பு நகரத்து விலை. தோட்டத்துக்குத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்தான் பொருந்தும். 2021 ஐ 100 ஆகக் கொண்ட தொடரை எடுத்து, சம்பளத்தைச் சுட்டெண்ணால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். சுட்டெண் 190 என்று வைத்தால் 1350 ரூபா 2021 விலையில் ஏறக்குறைய 710 ரூபாதான். 190 நான் கணக்குக் காட்டப் போட்ட எண். சரியானதைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாத அறிக்கையில் பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது: திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளராவது குடியிருக்கும் பெருந்தோட்டம்தான் ‘தோட்டத்துறை’. நுவரெலியா மாவட்டத்து எண்ணை எடுத்துத் தோட்டத்துறை என்று எழுதக்கூடாது. தோட்டத்துறையை மலையகத் தமிழர் எல்லாருக்கும் பொதுவாக்கவும் கூடாது. ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவர் அந்த எண்ணுக்குள் வரமாட்டார்.

கொட்டகலைப் பிள்ளை:
மிக்க நன்றி. இரண்டு கேள்வி மட்டும். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேட்டி எடுத்தால் அதை ஆதாரமாகக் காட்டலாமா? கம்பனிக்காரர் சொல்வதை எவ்வளவு போடுவது?

ஒப்படைத்துணை:
காட்டலாம், ஆனால் பேட்டியைவிடச் சம்பளத் துண்டு பலமானது. வேலை நாள், பேர், மேலதிகக் கிலோ, ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கும் 8 சதவீதம், முற்பணம், சந்தா எல்லாம் ஒரே தாளில் இருக்கும். வரட்சி மாதத்துத் துண்டையும் கொழுந்து கூடிய மாதத்துத் துண்டையும் பக்கத்தில் வைத்தால் அரைப் பேரின் சுமை கண்ணுக்கே தெரியும். உரியவரிடம் அனுமதி கேளுங்கள். பெயர், பதிவிலக்கம், தோட்டப் பெயர் மூன்றையும் மறையுங்கள். இரண்டு மூன்று துண்டை வைத்து “எல்லாத் தோட்டத்திலும்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். “நாட்சம்பளத்தை 25 நாளால் பெருக்கினால் மாத வருமானம்” என்று கணக்குப் போடுவதும் பிழை. எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்பதைத் துண்டுதான் சொல்லும்.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்தையே எடுங்கள்: உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகிறது, பறிக்கும் கொழுந்தின் அளவு கூடாமல் சம்பளம் கூட்ட முடியாது. அவர்கள் சொல்வதை முழுதாக, அவர்களே ஒத்துக்கொள்ளும் விதமாக ஒரு பந்தியில் எழுதிவிட்டுப் பிறகு பதில் சொல்லுங்கள்: பழைய விதைத் தேயிலை நிற்கும் மலையில் விளைச்சல் குறைவதற்கு மறுநடுகை செய்யாததும் காரணம், அந்த முடிவு தொழிலாளியின் கையில் இல்லை. கம்பனி வாதத்தில் உண்மை இருக்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். ‘அநியாயம்’, ‘சுரண்டல்’ என்ற சொற்களை எண்களுக்கு முன்னால் போடாதீர்கள்; எண்ணைக் காட்டிய பின் போட்டால் நிற்கும்.

எண்கணக்கு:
பழைய தோட்டத்துறை அறிக்கைகளும் மலையகச் சஞ்சிகைகளும் நூலகம் இணையத்தளத்தில் நிறையவே இருக்கின்றன. பதிவிறக்கும்போதே உசாத்துணைக்கு வேண்டிய பக்க எண்ணை எழுதி வையுங்கள்.