மருத்துவர் வந்து சேரும் வரை: மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி பற்றிச் செவிலியர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், கோவை

பதினோரு ஆண்டுகளாக இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். இதயம் நின்றுபோனவரை மீட்கக் கற்பிக்கும், ஏ.சி.எல்.எஸ். எனப்படும் மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி எனக்குக் கிடைத்தது பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதற்கு முன் நடந்த ஓர் இரவைப் பற்றி இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

மாரடைப்புக்காக அன்று மாலை சேர்க்கப்பட்டு, இரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போடப்பட்டிருந்த ஐம்பது வயதுக்காரர் அவர். அதிகாலை நான்கு மணியளவில், "சிஸ்டர், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டார். நான் டம்ளரோடு திரும்புவதற்குள் அவருடைய தலை சாய்ந்துவிட்டது. மானிட்டரில் ஒழுங்கில்லாத அலைகள் ஓடின. இதயம் இரத்தத்தைத் தள்ளாமல் தாறுமாறாக நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. உடனிருந்த மூத்த செவிலியர் அக்கா நெஞ்சழுத்தத்தைத் தொடங்கினார். நான் கோட் ப்ளூ என்னும் அவசர அழைப்பை அறிவித்துவிட்டு, மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியான டிஃபிப்ரிலேட்டரை இழுத்து வந்து, அதன் பேடுகளை நெஞ்சில் ஒட்டி, 200 ஜூலுக்குச் சார்ஜ் செய்தேன். அதற்கு மேல் என் கை நகரவில்லை. மின்னதிர்ச்சி கொடுப்பது மருத்துவரின் வேலை என்பது அந்தப் பிரிவில் எழுதப்படாத விதி. பணி மருத்துவரோ கீழ்த்தளத்தில் வேறொரு நோயாளியோடு இருந்தார். சார்ஜ் செய்து சற்று நேரம் பயன்படுத்தாமல் விட்டால் கருவி அந்த மின்சாரத்தைத் தானாகவே வடித்துவிடும். ஆகவே நான் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் படியேறி வந்து பொத்தானை அழுத்துவதற்குள் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் கடந்துவிட்டன.

அந்த நோயாளி பிழைத்தார். அக்காவின் கைகள் ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். இந்த வகைத் துடிப்பில் நெஞ்சழுத்தம் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது என்றும், அழுத்தம் தொடர்ந்தால் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்றும் பின்னர் பயிற்சியில் படித்தபோது, அந்த நான்கு நிமிடங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பயிற்சியில் மருந்தளவுகளை விட என்னை அதிகம் மாற்றியது, குழுவாக இயங்கும் முறை. ஒருவர் தலைமை ஏற்பார். அழுத்துபவர், மூச்சு கொடுப்பவர், மருந்து செலுத்துபவர், கருவியைக் கவனிப்பவர், நேரம் குறிப்பவர் என மற்றவர்களுக்கு இடம் வகுக்கப்பட்டிருக்கும். "அட்ரினலின் 1 மில்லிகிராம் செலுத்துங்கள்" என்று தலைவர் சொன்னால், செலுத்தியவர் "1 மில்லிகிராம் செலுத்திவிட்டேன்" என்று உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த பழைய கோட் ப்ளூக்களை நினைத்தால், இந்த ஒரு பழக்கம் எத்தனை தவறுகளைத் தடுக்கிறது என்பது புரிகிறது.

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர், திருச்சி

அக்கா, உங்கள் பதிவில் மானிட்டர் உண்மையைக் காட்டியது. எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது.

இரண்டு முறை டயாலிசிஸுக்கு வராமல் விட்டுவிட்ட ஒருவர், கால்கள் தளர்ந்த நிலையில், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈ.சி.ஜி.யில் டி எனப்படும் அலைகள் கூடாரம் போல உயர்ந்திருந்தன, க்யூ.ஆர்.எஸ். எனப்படும் அலைத்தொகுதி அகன்றிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்துவிட்டது என்று சந்தேகித்து மருத்துவரை அழைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் நினைவிழந்தார். மானிட்டரில் அலைகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால், புதிதாகச் சேர்ந்திருந்த தங்கை ஒருத்தி, "ரிதம் இருக்கிறது அக்கா" என்று ஆறுதலாகச் சொன்னாள். நான் கழுத்து நாடியில் விரல் வைத்தேன். பத்து வினாடிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது பயிற்சியில் மனத்தில் பதிந்திருந்தது. நாடி இல்லை. இதயத்தில் மின்னோட்டம் இருக்கிறது, ஆனால் அது இரத்தத்தைத் தள்ளவில்லை. பி.ஈ.ஏ. எனப்படும் அந்த நிலையில் மின்னதிர்ச்சி பயன்தராது. உடனே நெஞ்சழுத்தம், கூடிய விரைவில் அட்ரினலின், பின்பு 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒரு முறை மீண்டும் அட்ரினலின், இவற்றோடு காரணத்தைத் தேடுதல் ஆகியவைதாம் வழி.

காரணங்களை நாங்கள் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தை வைத்து ஐந்து எச், ஐந்து டி என்று மனப்பாடம் செய்வோம். ஆக்சிஜன் குறைவு, இரத்த அளவுக் குறைவு, இரத்தத்தில் அமிலம் மிகுதல், பொட்டாசியம் மாறுபாடு, உடல் குளிர்தல் என்று ஒரு பக்கம். நெஞ்சுக்கூட்டில் அழுத்தத்தோடு காற்று அடைதல், இதய உறைக்குள் திரவம் சேர்தல், நஞ்சு, நுரையீரலிலும் இதயக் குழாயிலும் இரத்த உறைவு என்று மறு பக்கம். எங்கள் பிரிவில் பொட்டாசியம்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். மருத்துவர் வந்தவுடன் கால்சியம் குளுக்கோனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் கேட்டார். இவ்விரண்டும் ஒரே குழாயில் கலந்தால் வெண்மையாகப் படிந்து உறைந்துவிடும். ஆகவே, கால்சியத்தைச் செலுத்தி, சலைன் விட்டுக் குழாயைக் கழுவி, அதன் பிறகே பைகார்பனேட்டைச் செலுத்தினேன். அவசரத்தில் யாரும் இதை நினைவூட்ட மாட்டார்கள், குழாயைப் பிடித்திருக்கும் செவிலியருக்கே தெரிந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் நாடி திரும்பியது. அன்று மாலை அதே பிரிவில் அவருக்கு டயாலிசிஸ் நடந்தது.

முப்பது படுக்கை மருத்துவமனை ஒன்றின் செவிலியர், விருதுநகர் மாவட்டம்

எங்கள் வார்டில் படுக்கைக்கு ஒரு மானிட்டர் கிடையாது. இரவில் இருவர் மட்டுமே இருப்போம். பயிற்சிக் கட்டணம் என் சம்பளத்துக்குப் பெரிய தொகை. நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், அந்தச் செலவு மீண்டும் வரும் என்ற கவலையும் இருக்கிறது. வேலைக்குத் தேவையான இந்தப் பயிற்சிக்கு நிர்வாகமே பணம் செலுத்துவதுதான் நியாயம்.

ஒரு நாள் அசிஸ்டோலி, அதாவது மானிட்டரில் நேர்கோடு. வயதில் மூத்த மருத்துவர், "அட்ரோபின் ஏற்றுங்கள்" என்றார். 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களிலேயே, அசிஸ்டோலிக்கும் பி.ஈ.ஏ.வுக்கும் வழக்கமாக அட்ரோபின் கொடுப்பது நீக்கப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உறவினர்கள் வாசலில் நிற்கும்போது, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? "சார், அட்ரினலின் லோடு செய்து தயாராக இருக்கிறது, அதை முதலில் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, கொடு" என்றார். அந்த நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் அந்த மருத்துவரே என்னை அழைத்து, பயிற்சிக் கையேட்டைப் படிக்கத் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

செவிலியர் கல்லூரி ஆசிரியை, மதுரை

உங்கள் மூவரின் அனுபவத்தையும் என் மாணவிகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். பயிற்சி கொடுக்கும் பக்கத்திலிருந்து நான் பார்ப்பதை எழுதுகிறேன்.

நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுத்துத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆழத்தைக் காட்டும் பொம்மையில் அழுத்தச் சொன்னால், பலருக்கும் முதல் நிமிடத்துக்குள்ளேயே ஆழம் குறையத் தொடங்குகிறது. களைப்பு வருவது அழுத்துபவருக்கே தெரிவதில்லை. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்கிறோம். உயரம் குறைந்த மாணவிகள் கட்டிலருகே கைகளை மடக்கி அழுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒவ்வொரு வார்டிலும் ஏறி நிற்க ஒரு சிறு பலகையைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுவேன். அட்ரினலின் இருக்கும் டிராலியில் அந்தச் சிறு பலகைக்கும் இடமிருக்க வேண்டும்.

அதைவிட அடிக்கடி நான் காணும் தவறு, மூச்சு கொடுக்கக் கையால் அமுக்கும் பையான அம்பு பேக்கை வேகமாக அமுக்குவது. மூச்சுக்குழாயில் குழாய் போட்ட பிறகு ஆறு வினாடிக்கு ஒரு மூச்சு போதும். பதற்றத்தில் கை தானாகவே இரண்டு வினாடிக்கு ஒன்று என ஓடிவிடுகிறது. அப்படி மிகையாகக் காற்றடைத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய இரத்தம் குறைந்து, அழுத்துபவரின் உழைப்பு வீணாகிவிடும். காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் கை கொஞ்சம் அடங்குகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

சான்றிதழின் காலம் இரண்டு ஆண்டு. கையின் நினைவோ சில மாதங்களில் மங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே எங்கள் இணைப்பு மருத்துவமனையில், பணி மாறும் நேரத்தில், மாதம் ஒரு முறை பத்து நிமிடம் வார்டிலேயே பொம்மையை வைத்துப் பழகுகிறோம். அப்போதே மூச்சுக்குழாயில் குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, டிஃபிப்ரிலேட்டரின் பேட்டரியில் சார்ஜ் நிற்கிறதா, மருந்துகளின் காலாவதித் தேதி என்ன என்பதையும் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறோம். ஒரு முறை விளக்கு எரியவில்லை. நோயாளி அருகில் இல்லாத நேரத்தில் அது தெரிய வந்தது.

கோவைச் சகோதரி அன்றைய நிலையோடு நிறுத்திவிட்டார். இப்போது உங்கள் பிரிவில் பொத்தானை அழுத்துவது யார்?

தொடக்கப் பதிவர், கோவை

நானும் இரண்டு இரவுப் பணி மருத்துவர்களும் தலைமை மருத்துவரிடம் சென்று கேட்டோம். பயிற்சிச் சான்று நடப்பில் உள்ள செவிலியர், வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனிலும் இதயம் மிக வேகமாக அடித்தும் நாடி கிடைக்காத வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவிலும், மருத்துவர் வரும் வரை காத்திராமல் முதல் மின்னதிர்ச்சியைக் கொடுக்கலாம் என்று அவர் எழுத்து மூலம் ஆணை தந்தார். அது டிஃபிப்ரிலேட்டரின் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் அதன்படி மின்னதிர்ச்சி கொடுத்தவர், பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன ஒரு தங்கை. அவள் "எல்லோரும் விலகுங்கள்" என்று சொன்னபோது நானும் கட்டிலை விட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். துடிப்பு மறைந்ததற்கும் மின்னதிர்ச்சிக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.