புதுப்பிப்பு: பாட்டியின் வழிபாட்டுக் குரல் பதிவான கேசட்

பாட்டி வழிபடும்போது பதிவு செய்த பழைய கேசட்டில் ஒலி மங்கி விட்டுவிட்டுக் கேட்கிறது என்று எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பிளேயரில் நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் பகுதியான ஹெட்டைத் துடைத்ததில் சிறிதளவே மாற்றம் தெரிந்தது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னதே சரியாக இருந்தது. திருகாணி போட்ட, கழற்றித் திறக்கக்கூடிய வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றியதும் குரல் தெளிந்தது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. வழிபாட்டின் நடுவே வானொலிச் செய்தி ஒலிக்கிறது. அதில் சொல்லப்பட்ட வெள்ளத்தில் சிக்கியவர்களுக்காகவும் பாட்டி உடனே வேண்டிக்கொள்கிறார். இன்று செய்திகளை நாம் கடந்துபோகும் வேகத்தை நினைத்தால், இது எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

சொற்களுக்கு முன்பே மெலிதாகக் கேட்கும் எதிரொலி, சுற்றிய நாடாவின் ஓர் அடுக்கிலுள்ள காந்தப்பதிவு அடுத்த அடுக்கில் படிவதால் வருவது. பதிவை 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் வேவ் (WAV) ஒலிக்கோப்பாகச் சேமித்திருக்கிறேன்.