போர்டு தானா ரீசெட் ஆகுதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

செடிக்காரன்_ஈசூன்:
ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு), பம்பை ஆன்-ஆஃப் பண்ற ரிலே, சின்னப் பம்ப். காரிடார் செடிக்குத் தண்ணி ஊத்துற வழக்கமான செட்டப்தான். ரிலே டக்குனு அடிக்கும், பம்ப் அரைச் சுத்து சுத்தும், போர்டு ரீசெட். எழுந்து பார்க்கும், மண்ணு காய்ஞ்சிருக்கும், மறுபடி டக். எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. அதுகூடப் பரவாயில்ல. மல்டிமீட்டர் முனையை 5 வோல்ட் பின்னுல வச்சுக்கிட்டே நின்னேன். போர்டு செத்துப் பிழைச்ச அதே நேரம் மீட்டர் 4.98 காட்டுது, அசையவே இல்ல! பம்புக்குத் தனி அடாப்டர் போட்டதும் நின்னுடுச்சு. ஆனா அந்த 4.98 இன்னும் உறுத்துது.

மின்தம்பி:
மீட்டர் நொடிக்கு ரெண்டு மூணு தடவைதான் அளக்கும் அண்ணே. பம்ப் கிளம்புறப்போ வர்ற வோல்ட்டேஜ் இறக்கம் மில்லிசெகண்ட்ல முடிஞ்சிடும், ஆசிலோஸ்கோப்லதான் தெரியும். எனக்கு வைஃபை ஆன் ஆகுறப்பல்லாம் இதே கதை. வோல்ட்டேஜ் இறங்குறதைக் கண்டுபிடிக்கிற பிரவுன்அவுட் டிடெக்டரை ப்ரோக்ராம் கோடுல அணைச்சிட்டேன், ஒரே வரி. இப்போ தொல்லை இல்ல.

பழைய_சாலிடர்:
அணைச்சிட்டா எப்படித் தம்பி? வோல்ட்டேஜ் சுமார் 2.43-க்குக் கீழ போனா சிப்பை ரீசெட் பண்ணத்தான் அது இருக்கு. அது இல்லன்னா சிப் அரைமயக்கத்துல ஓடும். அந்த நேரம் பார்த்து ஃப்ளாஷ் மெமரில எழுதிட்டிருந்தா டேட்டா போச்சு.

என் கதை சின்னது. தீபாவளிக்கு புளோக் கீழ்த்தளத்துல எல்இடி கோலம், நூறு விளக்கு. யாரோ கொண்டுவந்த 2 ஆம்ப் அடாப்டர். சிவப்பு ஓடுது, பச்சை ஓடுது, வெள்ளை வந்ததும் எல்லாம் அணைஞ்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. பசங்க "அங்கிள், ஒயிட் போடாதீங்க!"ன்னு கத்த ஆரம்பிச்சிட்டாங்க. முழு வெள்ளையில ஒரு விளக்கு 60 மில்லிஆம்ப் வரை இழுக்கும், நூறுக்கு 6 ஆம்ப். கணக்கு அவ்வளவுதான்.

வந்ததுக்கு இதையும் சொல்லிடுறேன். எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி, போர்டு எழுந்ததும் ரீசெட் காரணத்தை சீரியல்ல பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க. ஈஎஸ்பி32-ல அதுக்கு ஃபங்ஷனே இருக்கு. ஆர்டுயினோ உனோவுல இருக்குற ஏடிமெகா328 சிப்னா, காரணம் எம்சியூஎஸ்ஆர்ங்கிற ரெஜிஸ்டர்ல இருக்கும், ஆனா சில பூட்லோடர் (போர்டு எழுந்ததும் முதல்ல ஓடுற குட்டி ப்ரோக்ராம்) உங்க கோடு ஓடுறதுக்குள்ள அதை அழிச்சிடும். பிரவுன்அவுட்னு வந்தா பவரைத் தேடுங்க. வாட்ச்டாக்னு (கோடு உறைஞ்சா போர்டை ரீசெட் பண்ற டைமர்) வந்தா கோடு எங்கேயோ மாட்டிக்கிச்சு, கபாசிட்டர் வாங்க ஓடாதீங்க. பவர்தான்னா முதல்ல யூஎஸ்பி கேபிளை மாத்துங்க, மெல்லிசு கம்பியில அரை வோல்ட் அங்கேயே போயிடும். ஈஎஸ்பி32-க்கு 500 மில்லிஆம்பாவது தரக்கூடிய சப்ளை வேணும். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு. லித்தியம் பேட்டரியிலேர்ந்து ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வழியா 3.3 வோல்ட் எடுக்குறவங்களை நான் என்னன்னு சொல்ல? அந்த ரெகுலேட்டருக்கு உள்ள வர்றது 3.3-ஐ விட ஒரு வோல்ட்டுக்கு மேல கூட இருக்கணும், பேட்டரி முழு சார்ஜ்லயே 4.2-தான்.

ராத்திரி_ஷிப்ட்:
அங்கிள், பாதியை யாருமே கேட்கல 😅

என்னோடது ரீசெட்டே இல்ல, ஒரேயடியா சாவு. பவர்பேங்க்ல ஓடுற டெம்பரேச்சர் லாகர், கரண்ட் மிச்சம் பிடிக்கிற டீப் ஸ்லீப்புக்குப் போனா திரும்ப எழவே எழாது. கோடை வரிவரியா மாத்தி எழுதிப் பார்த்தாச்சு. எலெக்ட்ரானிக்ஸ் பாகம் விக்கிற சிம் லிம் டவர் கடையில ஒரு அங்கிள் போர்டைத் தொடவே இல்ல. பவர்பேங்க்கைத் திருப்பிப் பார்த்தாரு, அதுல இருந்த நாலு நீல விளக்கும் ஒவ்வொண்ணா அணைஞ்சுது. "திஸ் ஒன் ஸ்லீப் ஃபர்ஸ்ட் லா"ன்னாரு. கரண்ட் ரொம்பக் கம்மியா இழுத்தா, யாரும் இல்லன்னு நினைச்சு பவர்பேங்க் தானா அணைஞ்சிடுதாம்.

மின்தம்பி:
@பழைய_சாலிடர் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு ஸ்கோப், தனி சப்ளை எல்லாம் எங்க போறது? மார்க் வந்துடுச்சு, போதும்.

உனோ_விசிறி:
பவர் பவர்னே பேசுறீங்க. என் உனோ மழை அளவு எண்ணும், காலையில பார்த்தா எண்ணிக்கை பூஜ்யம். சப்ளை சுத்தம், வாட்ச்டாக் போடவே இல்ல. ஒருநாள் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்ல லாகிங் ப்ரோக்ராமைத் திறந்த நொடி, போர்டுல 'எல்'னு எழுதின சின்ன விளக்கு மூணு தடவை மின்னுச்சு, ரீசெட் ஆனா அப்படித்தான் மின்னும். சீரியல் போர்ட்டைத் திறந்தாலே டிடிஆர்ங்கிற சிக்னல் உனோவை ரீசெட் பண்ணும்! ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போட்டேன், அடங்கிடுச்சு. கோடு ஏத்தும்போது மட்டும் கழட்டணும்.

பழைய_சாலிடர்:
@உனோ_விசிறி எண்ணிக்கையை ஈஈப்ராம்ல (பவர் போனாலும் அழியாத மெமரி) எழுதிவச்சா ரீசெட் ஆனாலும் போகாதே?

உனோ_விசிறி:
ஒவ்வொரு துளிக்குமா அங்கிள்? அது ஒரு லட்சம் தடவை எழுதுறதைத்தான் தாங்கும். சிங்கப்பூர் மழைக்கு எத்தனை நாள் வரும்னு நீங்களே சொல்லுங்க.