லித்தியம் வந்தாச்சே, லெட் ஆசிட் பேட்டரியை இன்னும் ஏன் வாங்கறாங்க?

கேள்வி: ட்யூபுலர்150
வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கறது 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் பேட்டரி, லெட் ஆசிட் (ஈயம்-அமிலம்) வகை. முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டுது. 500 வாட் லோடுக்குக் கணக்குப்படி மூன்றரை மணி நேரம் வரணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள படுத்துடுது. 1859ல பிளாந்தே கண்டுபிடிச்ச சரக்கு இன்னும் ஏன் ஓடுது? லித்தியத்துக்கு மாறிடலாமா?

பதில்: ஹைட்ரோமீட்டர்
முதல்ல லேபிளைப் பாருங்க. 150 ஏஎச் பக்கத்துல சி20ன்னு இருந்தா, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் இழுத்தால்தான் அந்தக் கணக்கு. உங்க லோடு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அந்த வேகத்துல 100 ஏஎச் வந்தாலே பெரிசு. ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைஞ்சா பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம்கூட நிக்கலைன்னாதான் சந்தேகப்படணும்.

12.7ஐ மட்டும் நம்பாதீங்க, பிளேட்டில் சல்ஃபேட் உப்பு படிஞ்சு பலம் குறைஞ்ச பேட்டரியும் லோடு இல்லாதப்ப அதைக் காட்டும். முழு சார்ஜ் ஏத்தி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஆறு செல்லிலும் ஆசிட்டோட அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கற கருவி) வச்சுப் பாருங்க. எல்லாம் 1.250 பக்கம் இருந்தா நல்லது. அஞ்சு செல் 1.250, ஒண்ணு மட்டும் 1.180ன்னு வந்தா அந்த செல்தான் கோளாறு.

பதில்: ஈயக்காரன்
ஏன் வாங்கறாங்கன்னு கேட்டீங்க. மூலையில உக்காந்திருக்கிற பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், வரிசையில ஒரு செல் முன்னாடியே நிறைஞ்சாலும் அது கொஞ்சம் தண்ணியைப் பிரிச்சு வாயுவா விட்டுட்டுக் காத்திருக்கும், மத்தது வந்து சேர்ந்துக்கும். லித்தியம் செல்லை அப்படி மிகைச் சார்ஜ் பண்ணினா ஆபத்து. அதனாலதான் அதுக்கு பிஎம்எஸ் போர்டு (ஒவ்வொரு செல்லையும் கண்காணிச்சு, தேவைப்பட்டா துண்டிக்கிற சர்க்யூட்) கட்டாயம். அந்த போர்டு போச்சுன்னா, செல் நல்லா இருந்தும் மொத்தமும் இருட்டு.

பழசானதை உருக்கி அதே ஈயத்தில் புது பேட்டரி வார்க்கலாம், அதனால செத்த பேட்டரிக்கும் விலை உண்டு. ஆனா அதை நீங்களே உடைக்காதீங்க. ஈயத்தூசி விஷம்.

பதில்: கட்ஆஃப்
தினமும் பாதிக்கு மேல காலி பண்றவருக்கு நான் லெட் ஆசிட் சொல்ல மாட்டேன். எப்பவாவது கரண்ட் போற வீட்டுக்குத் தாராளமா போதும்.

டிஸ்டில்டு வாட்டர் சார்ஜ் ஏறி முடிஞ்ச பிறகு ஊத்துங்க. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், முன்னாடியே நிரப்பினா ஆசிட் வழிஞ்சு டெர்மினலை அரிச்சுடும். பிளேட் வெளியே தெரிஞ்சா மட்டும், அது மூழ்கற அளவு முதல்ல விடலாம். ஆசிட் ஊத்தவே கூடாது. மூடி திறக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும், வர்றது ஹைட்ரஜன்.

லித்தியத்துக்கு மாறறதா இருந்தா பழைய இன்வெர்ட்டரில் அப்படியே கோக்காதீங்க. ஈக்வலைஸ் மோடை (லெட் ஆசிட் செல்களைச் சமப்படுத்த வேணும்னே கூடுதலா சார்ஜ் ஏத்தற முறை) அணைக்க முடியலைன்னா 15 வோல்ட்டைத் தாண்டி ஏத்தும், பிஎம்எஸ் பாதியிலேயே துண்டிச்சுடும்.

ட்யூபுலர்150
லேபிளில் சி20தான் இருக்கு. ஹைட்ரோமீட்டர் வாங்கி ஆறு செல் அளவையும் போடறேன்.