போர்டு டெட் ஆன கதைகள்: உங்களுக்கு இன்னும் உறுத்துவது எது?

ஈயக்கம்பி

மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. பேனலுக்குள் ஒரு பெட்டி, உள்ளே நம் வழக்கமான சங்கதிதான்: சின்ன ஏஆர்எம் பிராசஸர் போர்டு, மென்பொருளைச் சேமிக்கும் 16 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷ் சிப், ஆன் செய்ததும் லினக்ஸை எழுப்பும் பூட்லோடரான யூ-பூட், லினக்ஸ். லினக்ஸின் மையமான கெர்னல் கெட்டுப்போய் பூட் ஆகவில்லை. சீரியல் கேபிளை மாட்டி யூ-பூட்டில் நிறுத்தி, கெர்னல் இருக்கும் இடத்தை மட்டும் அழித்துப் புதிதாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கெர்னல் 1 எம்பி தாண்டித்தான் தொடங்குகிறது. நான் தொடக்க முகவரியைப் பூஜ்யம் என்று அடித்துவிட்டேன்.

என்டர் தட்டின மறுநொடியே தெரிந்துபோயிற்று. யூ-பூட்டையும் சேர்த்துத் துடைத்தாயிற்று. ஆனால் கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், யூ-பூட் எழுந்ததும் தன்னை ராம் மெமரிக்கு நகர்த்திக்கொண்டுதான் ஓடும். ஃபிளாஷ் காலி, ராமில் உயிர். உடம்பு போன பிறகும் தலை மட்டும் பேசிக்கொண்டிருப்பதுபோல. அந்த ப்ராம்ப்ட் இருக்கும்வரை யூ-பூட் ஃபைலை உள்ளே இழுத்துத் திரும்ப எழுதிவிடலாம். ரீசெட் ஆனாலோ பவர் போனாலோ முடிந்தது.

ஃபைல் என் லேப்டாப்பில் இல்லை. பட்டறைக்குள் சிக்னலும் இல்லை. கேட்டுக்கு ஓடி, ஆபீஸில் இருந்தவனை எழுப்பி, போனில் வாங்கி, லேப்டாப்புக்கு மாற்றி, திரும்பி வர 35 நிமிஷம். ப்ராம்ப்ட் அப்படியே இருந்தது. சீரியல் கேபிள் வழியாக ஃபைல் வாங்கும் ஒய்மோடம் போட்டேன். ஃபைலை அனுப்பு என்று கேட்டுத் திரையில் சி, சி, சி என்று வரிசையாக வந்து நிற்கும் பாருங்கள், அது வந்தது. அனுப்பத் தொடங்கினேன். அரை எம்பி ஃபைல், 115200 வேகத்தில் முக்கால் நிமிஷம்தான்.

71 சதவீதத்தில் பேனல் ஃபேன் சத்தம் நின்றது. எண் அப்படியே நின்றது. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அது மட்டும் 71, 71 என்று காட்டிக்கொண்டே இருந்தது.

பட்டறை எலக்ட்ரீஷியன் பேனலுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். “ரொம்ப நேரமாச் சிரமப்படறீங்களேன்னு ஒருக்கா ஆஃப் பண்ணிப்போட்டு ஆன் பண்ணிட்டனுங்க சார். இப்பப் பாருங்க.”

அப்புறம் போர்டைக் கழற்றி, கோயம்புத்தூர் கொண்டுபோய், ஃபிளாஷ் சிப்பின் கால்களில் நேராகக் கிளிப் மாட்டி எழுதியது எல்லாம் சாதாரணக் கதை. அந்த 35 நிமிஷமும் அவர் பேனல் பக்கத்தில்தான் இருந்தார். கேட்டுக்கு ஓடும்போது டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். சுவிட்சைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

பழைய_கெர்னல்

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் போர்டு உறைந்துபோனால் தானே ரீசெட் அடிக்கும் வாட்ச்டாக் 35 நிமிஷம் சும்மா இருந்ததா? தொழிற்சாலைக்குப் போகும் போர்டில் வாட்ச்டாக் இல்லாமல் யார் அனுப்புகிறார்கள்?

இன்னொன்று. யூ-பூட்டை ராமில் ஏற்றிவிடும் குட்டி முன்னோடியான எஸ்பிஎல் வைத்து பூட் ஆகும் போர்டு என்றால், யூ-பூட் ராமில் முதலில் வந்து இறங்கிய இடத்தில் அதன் பிரதி பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அது அங்கிருந்துதான் ராமின் மேல்கோடிக்குத் தன்னை நகர்த்திக்கொள்கிறது. கேட்டுக்கு ஓடியே இருக்க வேண்டாம், அந்தப் பிரதியை எடுத்து ஃபிளாஷில் எழுதியிருக்கலாம்.

ஈயக்கம்பி

வாட்ச்டாக் இருந்தது. ப்ராம்ப்ட்டில் காத்திருக்கும்போது யூ-பூட்டே அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும், நீங்கள் அறியாததா?

பிரதி விஷயம் சரி, யூ-பூட்டைத் திரும்ப எழுதியிருக்கலாம். ஆனால் எஸ்பிஎல்? அதுவும் அதே ஃபிளாஷின் தலையில்தான் இருந்தது. பிராசஸர் சிப்புக்குள்ளே இருக்கும் எஸ்ராம் என்ற குட்டி மெமரியில் ஓடிவிட்டுப் போய்விட்டது. அதை எங்கிருந்து எடுப்பது? எப்படியும் கேட்டுக்கு ஓடித்தான் ஆக வேண்டும்.

மொட்டைமாடி_ஆன்டெனா

என்னுடையது வீட்டுக் கதை. அக்கா வீட்டு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருளைப் போடுகிறேன் பேர்வழி என்று பூட்லோடரைக் காலி செய்தேன். நல்லவேளை, என்னிடம் அதே மாடல். என் சிப்பில் கிளிப் மாட்டி முழுப் பிரதி, அதாவது டம்ப், எடுத்து, அவள் சிப்பில் அப்படியே இறக்கினேன். விளக்கெல்லாம் வரிசையாக எரிந்தது. மாமா பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

ஒரு வருஷம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனுக்கே குடிவந்தாள். மேலே என் ரவுட்டர், கீழே அவளுடையது, தனித்தனி கனெக்ஷன். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் வைஃபை அறுந்து அறுந்து வருகிறது. சில நாள் பிரச்சினையே இல்லை, சில நாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. கம்பெனிக்காரன் மூன்று முறை வந்தான். அக்கா தன் போன்தான் பழசாகிவிட்டது என்று புதுப் போனே வாங்கிவிட்டாள்.

ஒரு நாள் வேறு எதற்கோ வைஃபை ஸ்கேன் செய்யும் ஆப்பைத் திறந்தேன். அவள் நெட்வொர்க் பெயர், என் நெட்வொர்க் பெயர், இரண்டுக்கும் கீழே ஒரே மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாளம். கடைசி எழுத்துவரை ஒன்று.

ஏஆர்டி பார்ட்டிஷன், ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனியாக எழுதப்பட்ட பகுதி! டம்போடு சேர்ந்து அதையும் இறக்கியிருக்கிறேன். மேக் முகவரி அதில்தான், ரேடியோவின் அளவுத்திருத்தமும் அதில்தான். இரண்டு ரவுட்டரும் தானாக ஒரே சேனலைத் தேர்ந்தெடுக்கும் நாளில், அவள் போன் பேசுவது என் ரவுட்டர் காதிலும் விழும். முகவரி தன்னுடையது, ஆள் மட்டும் தெரியாதவர். “யார் நீ, வெளியே போ” என்று துண்டித்துவிடும். அவளுடையதும் என் போனுக்கு அதையே செய்திருக்கிறது.

அவளுடைய அசல் ஏஆர்டி-யை நான் பேக்கப் எடுக்கவே இல்லை. அந்த 64 கேபி இந்த உலகத்தில் இனி எங்கும் கிடையாது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து மேக் முகவரியைக் கையால் மாற்றினேன். அளவுத்திருத்தம் என் ரவுட்டருடையதுதான் இன்னும். சமையலறையில் சிக்னல் வருவதில்லை என்கிறாள். போன் விஷயத்தை நான் இதுவரை சொல்லவில்லை.

மூன்றுபுள்ளிமூன்று

என் கதை இரண்டு வரி. பழைய ஆர்எஸ்232 கேபிளை நேராகப் போர்டின் சீரியல் பின்களில் மாட்டினேன். 3.3 வோல்ட் எதிர்பார்த்த இடத்தில் பத்து வோல்ட்டுக்கு மேல் போயிற்று, ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான்.

அதனால் புதிதாக வருபவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கும்போது அதில் 5 வோல்ட், 3.3 வோல்ட் ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், மாட்டும் முன் மீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். கிரவுண்டை முதலில் இணைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். அனுப்பும் கம்பியான டிஎக்ஸ், எதிர்ப்பக்கம் வாங்கும் ஆர்எக்ஸில் போக வேண்டும். பவர் கொடுக்கும் விசிசி கம்பியை இணைக்கவே வேண்டாம், போர்டுக்குத் தன் பவர் இருக்கிறது.

மேலே கிளிப் மாட்டினேன் என்று இரண்டு பேர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற அந்தக் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் என்ற சிப்பில் எழுதும் கருவியில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வரும் வகை நிறைய உண்டு. சில சிப் தாங்கும், சிலது தாங்காது. 1.8 வோல்ட் சிப்பில் அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப்பை மறந்துவிடலாம். அப்புறம், கிளிப் வழியாகப் போகும் பவர் சிப்போடு நிற்காது, போர்டு முழுக்கப் பாயும். பிராசஸர் அரைத்தூக்கத்தில் எழுந்து அதே கம்பிகளில் ஃபிளாஷைப் படிக்கத் தொடங்கும். நீங்கள் ஒரு பக்கம் படிக்க, அது ஒரு பக்கம் படிக்க, கிடைப்பது குப்பை. ரீசெட் பின்னைக் கிரவுண்டில் பிடித்துக்கொண்டு படிக்கலாம், அல்லது சிப்பின் விசிசி காலை மட்டும் தூக்கிவிடலாம். எதுவானாலும் இரண்டு தடவை படித்து, இரண்டு ஃபைலின் சரிபார்ப்பு எண்ணான செக்சம் ஒன்றா என்று பார்க்காமல் அழிக்கும் கட்டளையைத் தொடாதீர்கள்.

நாண்ட் என்ற வேறு வகை ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: யூ-பூட்டில் ஸ்கரப் என்று ஒரு கட்டளை உண்டு. ஏன் என்று தெரியாமல் போடாதீர்கள். எந்தெந்த பிளாக் கெட்டது என்று தொழிற்சாலையில் போட்டனுப்பிய குறியையும் சேர்த்து அழித்துவிடும், அப்புறம் நல்லது எது, கெட்டது எது என்று அந்தச் சிப்புக்கே தெரியாது.

பழைய_கெர்னல்

அண்ணே, யாருமே கேட்கலையே.

ரிவ்யூ_நாளைக்கு

காலேஜ் ப்ராஜெக்ட், பீகிள்போன் பிளாக் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. போர்டிலேயே இருக்கும் ஈஎம்எம்சி சேமிப்பில் பழைய லினக்ஸ் இமேஜ், எஸ்டி கார்டில் நான் கட்டிய புது இமேஜ். கார்டிலிருந்து பூட் ஆக, கார்டு ஸ்லாட் பக்கம் இருக்கும் அந்தக் குட்டி பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். பிடித்தேன். பட்டனைப் பிடித்துக்கொண்டே ரீசெட் அடித்தேன். பழைய லினக்ஸ்தான் வந்தது. இமேஜைத் திரும்பக் கட்டினேன், வேறு கார்டு வாங்கினேன், கட்டை விரலில் பட்டன் வடிவத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. இரண்டு நாள்.

மறுநாள் ரிவ்யூ. இரவு எட்டு மணிக்கு லேப் பூட்ட வந்த அட்டெண்டர் ஐயா, “போதும் கண்ணு, வீட்டுக்குப் போ” என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கினார். கோபத்தில் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. “ஒரே ஒரு நிமிஷம் ஐயா” என்று கெஞ்சியதும் அவரே திரும்பச் சொருகினார். என் இமேஜ் வந்தது.

அந்தப் பட்டனைப் போர்டு பார்ப்பது பவர் வரும் நொடியில் மட்டும்தான். ரீசெட்டில் திரும்பிக்கூடப் பார்க்காது. ஈயக்கம்பி அண்ணாவுக்கு ஒருவர் ஆஃப் பண்ணிக் கெடுத்தார், எனக்கு ஒருவர் ஆஃப் பண்ணி பாஸ் போட்டுக்கொடுத்தார்.

பச்சைத்திரை

சின்னதாக ஒன்று. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் பூட்லோடர் எஸ்டி கார்டில் இல்லை, போர்டிலேயே இருக்கும் ஈப்ராம் என்ற மெமரி சிப்பில் இருக்கிறது. அது கெட்டால் ரிகவரி ஃபைலைக் கார்டில் போட்டு ஆன் செய்ய வேண்டும். செய்தேன். போர்டை மாட்டியிருந்த ஹால் டிவி முழுக்கப் பச்சையாகிவிட்டது. சீரியல் பார்க்க உட்கார்ந்திருந்த அம்மா, “டிவியைக் கெடுத்துட்டியா?” என்று எழுந்து நின்றுவிட்டார். நானும் பயந்து பிடுங்கினேன். மறுபடி, மறுபடி பச்சை. மூன்று தடவை.

பச்சை வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமாம். முதல் தடவையே முடிந்துவிட்டிருக்கிறது.

மேல்நிலைத்_தொட்டி

எல்லோருடையதும் ஒரு போர்டு. என்னுடையது 43.

சிவகங்கைப் பக்கம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளில் மட்டம் பார்த்து அனுப்பும் பெட்டிகள். அப்டேட் முறையை நான்தான் எழுதினேன், கொஞ்சம் கர்வம் உண்டு. ஃபிளாஷில் ஏ, பி என்று இரண்டு பக்கம். ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதுசை எழுதி ரீபூட். ஒவ்வொரு பூட்டுக்கும் யூ-பூட் ஓர் எண்ணிக்கையைக் கூட்டும், புது மென்பொருள் ஒழுங்காக எழுந்தால் அதைத் திரும்பப் பூஜ்யமாக்கும். மூன்று முறை பூஜ்யமாகவில்லை என்றால் பழைய பக்கத்துக்குத் தானே திரும்பிவிடும். நடுவில் கரன்ட் போனாலும் கவலையில்லை. மேசையில் நூறு தடவை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன்.

இரவு இரண்டு மணிக்கு 43-க்கும் அனுப்பினேன். ஒவ்வொன்றாக ரீபூட்டுக்குப் போயின. திரும்பி ஒன்றுகூட வரவில்லை.

புதுக் கெர்னலைக் கட்டும்போது 4ஜி மோடத்தின் யுஎஸ்பி டிரைவர் விட்டுப்போயிருக்கிறது. மேசைமேல் இருந்த இரண்டு பெட்டியும் லேன் கேபிளில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. சரி, அப்படியென்றால் பழைய பக்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டாமா? எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் வரியை நான் வைத்திருந்தது தொட்டி மட்டம் படிக்கும் புரோகிராம் எழும் இடத்தில். அது ஜோராக எழுந்தது, மட்டத்தைப் படித்தது, நான் நன்றாக இருக்கிறேன் என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டது. 43 பெட்டியும் உயிரோடு, ஆரோக்கியமாக, யாருக்கும் எட்டாமல்.

ஒன்பது நாள் பைக்கில் லேப்டாப்போடு சுற்றினேன். பெட்டியைத் திறந்து, சீரியல் மாட்டி, பழைய பக்கத்துக்கு மாற்றி ரீபூட் அடிக்க நான்கு நிமிஷம். அடுத்த ஊருக்குப் போக ஒரு மணி நேரம். 31-வது ஊரோ 32-வது ஊரோ, வெயில் உச்சியில், தொட்டி ஆபரேட்டர் பெரியவர் பெட்டியைக் காட்டினார். பச்சை எல்இடி நொடிக்கு ஒரு தரம், நான் எழுதினபடியே. “பெட்டி நல்லாத்தானே தம்பி மினுக்குது, தண்ணியும் ஏறுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீக?”

என்ன பதில் சொல்ல? குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

மூன்றுபுள்ளிமூன்று

43-க்கும் ஒரே இரவில் அனுப்பியதுதான் தப்பு. முதலில் பக்கத்து ஊரில் இரண்டுக்கு அனுப்பி, ஒரு வாரம் பார்த்து, அப்புறம் பத்து, அப்புறம் மீதி. சோதனைப் பெட்டியும் களத்தில் இருக்கும் அதே சிம், அதே மோடத்தோடு இருக்க வேண்டும். சர்வரைத் தொட்டுப் பதில் வாங்கின பிறகுதான் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும், இதெல்லாம் அடிப்படை.

மேல்நிலைத்_தொட்டி

இதைத்தான் அந்த ஒன்பது நாளும் போனில் எல்லோரும் சொன்னார்கள், நன்றி.

இப்போது சர்வரிடமிருந்து பதில் வந்தால்தான் பூஜ்யமாகும், அரை மணிக்குள் வராவிட்டால் ரீபூட். போன மாதம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு முதல் ஆளாகப் புதுசை அனுப்பினேன். அது ரீபூட் ஆன நேரம் பார்த்து அந்த ஊர் டவரில் ஆறு மணி நேரம் சிக்னல் இல்லை. பெட்டி மூன்று முறை முயன்றுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் பழைய பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. புதுக் கெர்னலில்தான் என்னவோ கோளாறு என்று நினைத்து, அதற்கும் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.