மழலையர் வகுப்பில் ‘காட்டு விலங்குகள்’ செயல்திட்டம்: மதுரைப் பக்கம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மேலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேலூர் அருகே ஒரு சிறிய மழலையர் பள்ளியில் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆறு வாரங்களுக்குக் ‘காட்டு விலங்குகள்’ என்ற தலைப்பில் ஒரு செயல்திட்டத்தை நடத்த வேண்டும். அதைச் சென்ற ஆண்டைப் போல நடத்தக் கூடாது என்று உறுதியாக இருக்கிறேன்.

சென்ற ஆண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு தெர்மகோல் காட்டைக் கொண்டுவந்தார்கள். அவை பெற்றோர் இரவு கண்விழித்துச் செய்தவை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. சுவரில் மாட்டிய பட அட்டையைக் காட்டினால் சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். அதே வாரத்தில் பள்ளி வேலியோரம் ஒரு கீரி ஓடியபோது, பெரும்பாலான பிள்ளைகள் அதைப் ‘பெரிய அணில்’ என்றார்கள். ஒட்டகச்சிவிங்கியின் பெயர் வராமல் முந்தைய நாள் தலைகுனிந்து நின்ற ஒரு சிறுவன் மட்டும், ‘அது கீரிப்பிள்ளை டீச்சர், அந்தப் பொந்துலதான் இருக்கு’ என்று கை நீட்டிக் காட்டினான். அவன் ஆடு மேய்க்கும் தாத்தாவோடு விடுமுறை நாட்களில் சுற்றுகிறவன். அவனுக்குத் தெரிந்ததைக் கேட்க என் பாடத்தில் ஓர் இடம்கூட இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பெற்றோரில் சிலர் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லச் சொல்கிறார்கள். இவ்வளவு சிறிய பிள்ளைகளை அத்தனை தூரம் பேருந்தில் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. அருகிலேயே எங்கு செல்லலாம், செல்வதற்கு முன்னும் பின்னும் வகுப்பில் என்ன செய்யலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: கண்மாய்க்கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தொடக்கப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கீரியிலிருந்தே தொடங்குங்கள். அந்தச் சிறுவனின் தாத்தா இசைந்தால், முதல் வாரத்திலேயே அவரை வகுப்புக்கு அழைத்து, மேய்ச்சலுக்குப் போகும் வழியில் அவர் பார்க்கும் உயிர்களைப் பற்றிப் பேச வையுங்கள். உடும்பு, முயல், குள்ளநரி, சாரைப்பாம்பு, கௌதாரி என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அவற்றில் எவையெல்லாம் காட்டு விலங்குகள் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். யாரும் வளர்க்காமல், தன் இரையைத் தானே தேடி, தன் குட்டியைத் தானே காத்து வாழ்வது எதுவோ அது காட்டுயிர் என்பதை நான்கு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். புலி இருந்தால்தான் காடு என்ற எண்ணம் அங்கேயே தளரத் தொடங்கும்.

வேலியோரம் அந்தப் பொந்துக்குச் சற்றுத் தள்ளி, ஓர் அகலமான தட்டில் ஈர மணலைப் பரப்பி மாலையில் வைத்துவிடுங்கள். காலையில் பிள்ளைகள் வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்க்கட்டும். நாயின் தடத்தில் நகங்களின் குறி விழுந்திருக்கும். பூனை நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இராது. இந்த ஒரு வேறுபாட்டைத் தாங்களே கண்டுபிடிக்கும் நாளில் பிள்ளைகளுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எதுவும் வராத நாட்களும் இருக்கும். அந்நாளில் மணல் வெறுமையாக இருந்தது என்றே வரைந்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ரகசியமாக ஒரு தடத்தைப் பதித்து வைக்க வேண்டாம்.

வெளியே அழைத்துச் செல்வதற்கு உங்கள் ஊர்க் கண்மாயே போதும். ஆறு வெவ்வேறு இடங்களுக்குப் போவதைவிட ஒரே கண்மாய்க்கு ஆறு முறை போவது நல்லது என்பது என் அழுத்தமான கருத்து. தண்ணீர் குறையக் குறையக் கரையில் சேறு விரியும், அந்தச் சேற்றில் இரை தேடும் பறவைகள் மாறும். இந்த மாற்றம் ஒருமுறை போய் வருகிறவர்களின் கண்ணில் படாது. ஈச்சமரத்திலோ பனையிலோ தூக்கணாங்குருவியின் பழைய கூடு காற்றுக்கு விழுந்து கிடந்தால் அதை எடுத்து வந்து வகுப்பில் மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாம். உள்சுவரில் காய்ந்த களிமண் கட்டி ஒட்டியிருக்கக் காணலாம். மின்மினியைப் பிடித்து அந்த மண்ணில் பதித்து, குருவி தன் வீட்டுக்கு விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் கதையையும் சொல்லுங்கள், மின்மினி இருக்கிறதா என்று தேடவும் விடுங்கள். ஆண் குருவிதான் கூட்டை முடைகிறது என்பதைச் சொன்னபோது, என் மாணவி ஒருத்தி வீட்டுக்குப் போய்த் தன் தந்தையிடம் நீண்ட நேரம் விவாதித்ததாக அவர் மறுநாள் வந்து சொன்னார்.

இன்னொன்று, அடுப்படியிலிருந்து இடுக்கி, வடிகட்டி, பாக்குவெட்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றைக் கொண்டுவந்து வையுங்கள். தண்ணீரில் மிதக்கும் பொடிகள், நத்தை ஓடு, வேர்க்கடலை, குறுகிய வாய்ப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் என்று எதிரே வைத்து, எதை எதனால் எடுக்க முடிகிறது என்று பார்க்கச் செய்யுங்கள். (பாக்குவெட்டியை மட்டும் நீங்களே இயக்கிக் காட்டுங்கள்.) பிறகு நத்தைக்குத்தி நாரையையும் தேன்சிட்டையும் கிளியையும் பார்க்கும் பிள்ளை, அலகை வெறும் அலகாகப் பார்க்காது. நத்தைக்குத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்டதும் ‘இடுக்கி’ என்று அவர்களே கத்துவார்கள்.

பதில்: திருநகர்த் தாய்

இரண்டு பிள்ளைகளின் தாயாக, ஐயா அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சிங்கத்தையும் யானையையும் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவது தவறன்று. என் மகள் ஐந்து வயதில் கோயில் யானையிடம் ஆசி வாங்கிவிட்டுத் திரும்பும்போது, ‘இதோட அம்மா எங்கே?’ என்று கேட்டாள். வயதில் மூத்த பெண் யானை வழிநடத்த, தாய்மாரும் குட்டிகளும் கூட்டமாக வாழ்கிற விலங்கு அது என்று நான் சொல்லச் சொல்ல, அவள் அமைதியாகி விட்டாள். அந்தக் கேள்வி கீரியிலிருந்து வந்திருக்காது. பெரிய விலங்குகளின் மேல் உள்ள பற்றையும் நாம் மதித்தே ஆக வேண்டும்.

அந்தப் பற்றை நம் ஊரோடு இணைக்க வழி இருக்கிறது. மேலூரிலிருந்து மதுரைக்கு வரும்போது ஒத்தக்கடை அருகே யானைமலை படுத்திருப்பதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் பசுவும் யானைமலை, நாகமலை, பசுமலை என்று கல்லாய்க் கிடப்பதாகச் சொல்லப்படும் பழங்கதையை முதலில் சொல்லலாம். பிறகு உயிருள்ள யானை எங்கே இருக்கிறது என்று கேட்டால், மேற்கே உள்ள மலைகளைக் காட்டலாம். திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. வைகையின் நீர்ப்பிடிப்பு மலைகள் அதற்குள் இருக்கின்றன. உங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்குப் பெரியாறு, வைகை அணைகளின் நீர் கால்வாய் வழியாக வருகிறதல்லவா? புலியும் யானையும் நடமாடும் மலையில் பெய்த மழைதான் அது என்பதை ஒரு நீண்ட துணியில் நீலக்கோடாக வரைந்து காட்டினால், காணாத விலங்கும் பிள்ளைகளுக்கு உறவாகிவிடும்.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, பாம்பு என்றாலே கொத்தும் என்று வகுப்பில் சொல்லிவிட்டதால், பல நாட்கள் இரவில் கட்டிலை விட்டு இறங்க மறுத்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே நம் பக்கம் உண்டு என்பதால் எச்சரிக்கை தேவைதான். ஆனால் அந்த எச்சரிக்கையை உடல் கற்றுக்கொள்ளும்படி கற்பிக்க வேண்டும். பாம்பைக் கண்டால் நின்றுவிடு, மெல்லப் பின்னால் நகர், பெரியவரைக் கூப்பிடு என்பதை விளையாட்டாகப் பலமுறை ஆடவையுங்கள். நரி என்றால் தந்திரம், பாம்பு என்றால் பகை என்று முடியும் கதைகளை இந்த ஆறு வாரங்களுக்காவது ஒதுக்கி வைக்கலாம். சுற்றுலா என்றாலே அழகர்கோவில் என்று முடிவெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அங்குள்ள குரங்குகள் கையில் உள்ள தின்பண்டத்துக்குப் பழகியவை. சிற்றுண்டிப் பையுடன் வரிசையாக நிற்கும் இருபத்திரண்டு சிறு பிள்ளைகளை அவற்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

பதில்: நாகமலைப் பறவை நோக்கர்

இடங்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே ஒரு வெளியூர்ப் பயணம்தான் இயலும் என்றால், திருப்பத்தூருக்குப் போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குச் செல்லுங்கள். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். மேலூரிலிருந்து அதிகத் தொலைவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் ஆகியவை கண்மாயின் நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரையூட்டும். தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உங்கள் பிள்ளைகளின் வயதுள்ள பிள்ளைகள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள். முடிந்தால் அவர்களோடு கால் மணி நேரமாவது பேசவிடுங்கள். தண்ணீர் வற்றிவிட்டால் பறவைகள் இராது. எனவே புறப்படுவதற்கு முன் வனத்துறையினரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரிட்டாபட்டி உங்களுக்கு மிக அருகில் உள்ளது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 250 வகைப் பறவைகள் அளவுக்கு அங்கே பதிவாகியிருக்கின்றன. பாறை முகடுகளில் வல்லூறுகள் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் உண்டு. ஆனால் தேவாங்கைக் காட்டுவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது இரவில் நடமாடுவது. பகலில் தேடிக் கலைப்பது அதற்குத் துன்பம். இந்த வயதுப் பிள்ளைகளை மலையேற்றவும் வேண்டாம். அடிவாரத்தில் கண்மாய்க்கரையில் அமர்ந்து, பாறைக்கு மேலே வட்டமிடும் பறவையைப் பார்த்தாலே போதும்.

திருவில்லிபுத்தூருக்குப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. ஆயினும் மர உச்சியில் இருக்கும் அணிலுக்காக அண்ணாந்து காத்திருக்கும் பொறுமை எட்டு, ஒன்பது வயதில்தான் வரும்.

பைனாகுலரை இந்த வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரண்டு கண்களையும் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு இயலாது. முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கியை அவர்கள் உயரத்துக்கு இறக்கி, ஒரு கூட்டைக் குறிவைத்து நிலையாக நிறுத்திவிடுங்கள். ஒவ்வொருவராக வந்து பார்க்கட்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது உடன் வர வேண்டும். வெயில் ஏறும் முன்பே திரும்பிவிடுங்கள். கழிப்பறை எங்கே என்பதைப் பறவை எங்கே என்பதற்கு முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

மதுரைக்கே உரிய ஒரு செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் இப்பகுதிக் குகை வௌவால்களின் உடற்கடிகாரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பகலொளி படாத குகைக்குள் தனியே அடைத்து வைக்கப்பட்ட வௌவால்கூட, தன் கூட்டம் வெளியே பறந்து திரும்பும் நேரத்தை ஒட்டியே விழித்து இயங்கியதை 1981-இல் வெளியிட்டார்கள். குகைக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கூடாது. வீட்டு மொட்டை மாடியில் நின்று, அந்தி மயங்கும் வேளையில் முதல் வௌவால் எப்போது பறக்கிறது என்று ஒரு வாரம் பெற்றோரோடு பார்த்துவரச் சொல்லலாம். தெர்மகோல் காட்டுக்குச் செலவிட்ட இரவுகளைப் பெற்றோர் இப்படிச் செலவிடட்டும்.

பதில்: மேலூர் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மணல் தட்டை இன்று மாலையே வைத்துவிட்டேன். கண்மாய்க்கு வாரம் ஒருமுறை, வேட்டங்குடிக்கு ஒருமுறை என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீலக்கோட்டுத் துணிக்குப் பழைய வேட்டி ஒன்று கிடைத்துவிட்டது; அதில் மலையின் பக்கம் பெரிய விலங்குகளையும் கண்மாயின் பக்கம் நாங்கள் நேரில் பார்த்தவற்றையும் பிள்ளைகளே வரையட்டும் என்று எண்ணுகிறேன்.

அந்தச் சிறுவனின் தாத்தாவை இன்று அவர் வீட்டிலேயே சென்று பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குள் வந்து பேசக் கூச்சமாக இருக்கிறது என்றும், தாம் ஆடு மேய்க்கும் இடத்துக்கே பிள்ளைகளை அழைத்து வந்தால் உடும்புப் பொந்து ஒன்றையும் முயல் படுக்கும் புதர் ஒன்றையும் காட்டுவதாகவும் சொன்னார். பள்ளியிலிருந்து நடந்து செல்லும் தூரம்தான். முதல் பயணமாக அங்கேயே போகலாமா?

பதில்: கண்மாய்க்கரை

தாராளமாகப் போங்கள், அம்மா. அந்தச் சிறுவனை வரிசையின் முன்னால் நடக்கவிடுங்கள். புதரையும் பொந்தையும் பத்தடி தள்ளி நின்றே பார்க்க வேண்டும், குச்சி எதையும் உள்ளே விடக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். மேய்ச்சலுக்கு ஆடுகள் கிளம்பும் நேரத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி மணிக்காக ஆடுகள் காத்திருக்கா.